நாலு பேரோடு வரும் ஒரு நோயாளி

விஜயபுரத்திலிருந்தோ நகரியிலிருந்தோ என்னைப் பார்க்க வருகிறவர்கள் தனியாக வருவதில்லை. அம்மா வருவார், தம்பி வருவான், ஆட்டோவில் இடம் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவும் ஏறிக்கொள்வார். உள்ளே வந்து உட்கார்ந்த நாலு பேரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முதலில் பேச ஆரம்பிப்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்கமாட்டார். நான் படித்த பாடப்புத்தகங்களிலோ இரண்டு நாற்காலிகள்தான் உண்டு. எதிரெதிரே இருவர், சாத்திய கதவு, ஐம்பது நிமிடம். வியன்னாவிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் உருவாகி வந்த ஏற்பாடு அது. அதை எங்கள் ஊருக்குக் கொண்டுவரும்போது எதைக் கழற்றி வைக்கலாம், எதைக் கட்டாயம் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்ப்பதிலேயே என் தொழில் வாழ்க்கை போயிருக்கிறது.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருத்துவ உளவியலாளர் என்று தமிழில் எழுதுவார்கள். மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். நான் மருந்து எழுதுவதில்லை. மனம் எங்கே எப்படிச் சிக்கியிருக்கிறது என்று சோதனைகள் வைத்துப் பார்ப்பதும், பேச்சாலும் பயிற்சியாலும் அந்தச் சிக்கலை எடுக்க உதவுவதும் என் வேலை. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தில் அடுத்த ஆண்டே இதற்கான படிப்பு வந்துவிட்டது. அந்த நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974-ல் ஒன்றாகித்தான் இன்றைய நிம்ஹான்ஸ் ஆனது. இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். போகிற இடத்தில் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்தூர் மாவட்டம் உருவானது 1911-ல். அதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லையைத் திருத்தியபோது திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போனது, சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்தன. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடு எங்கே போனாலும் ஜனங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, வேண்டுதலுக்குத் திருமலை, எலும்பு முறிந்தால் புத்தூர், பெரிய வியாதி என்றால் வேலூர். அப்படி வளர்ந்தவள் நான். திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பிறகு பெங்களூர், பிறகு சில காலம் கனடாவின் டொரொண்டோ, மறுபடியும் திருப்பதி என்று என் பாதை போயிற்று. வெளிநாடு போய் வந்த பிறகுதான் நான் 'பண்பாடு கடந்து' வேலை செய்கிறவள் என்று மேடையில் அறிமுகப்படுத்தத் தொடங்கினார்கள். எனக்கென்னவோ பெரிய தூரத்தைக் கடப்பது நகரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக் வரைக்கும்தான் என்று தோன்றும்.

நாலு பேர் சேர்ந்து வருவதை இடைஞ்சலாக நினைக்காமல் பலமாக எடுத்துக்கொண்டவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-ல் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மனநல மருத்துவர் அதற்கு வித்திட்டவர். அங்கே ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்றால் வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்கவேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். மேல்நாடுகளில் நோயாளியை வீட்டைவிட்டுப் பிரித்துப் பெரிய மதிலுக்குள் வைப்பதுதான் அன்றைக்கு வழக்கம். நம் பழைய மனநல மருத்துவமனைகளும் அதைப் பார்த்துக் கட்டியவைதான். அமிர்தசரஸிலும் வேலூரிலும் அந்த வழக்கம் தலைகீழானது. ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் கூடத் தங்கிய அண்ணனுக்குத் தம்பியின் வியாதி என்னவென்று புரிந்துவிடுகிறது. பேயும் இல்லை, திமிரும் இல்லை என்று தெரிந்துகொண்டு ஊருக்குத் திரும்புகிறார். அந்த அண்ணன் ஊரில் நாலு பேருக்குச் சொல்வதை எந்த விழிப்புணர்வு முகாமும் சொல்லிவிட முடியாது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய விசைத்தறிக்காரர். நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப்போகிறது, உயிர் இப்போதே போய்விடும்போல இருக்கிறது. பார்த்த இடத்திலெல்லாம் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எக்கோவும் ஆயிற்று, எல்லாம் நார்மல். "நார்மல் நார்மல்னே சொல்றாங்க மேடம். அப்ப எனக்கு வர்றது இன்னாது?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த அவமானம் எனக்குப் புரிந்தது. இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் என்று ஊர் நினைக்கிறதோ என்ற கூச்சம்.

பயம் எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்வதில்லை என்றார். பக்கத்தில் இருந்த மனைவி குறுக்கே வந்தார். "பொய் சொல்றாரு மா. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து நாடி புடிச்சிப் பாத்துக்கினு கீறாரு. என்னையும் எழுப்பிப் பாக்கச் சொல்றாரு." அவர் தனியாக வந்திருந்தால் இந்தத் தகவல் எனக்கு வாரக்கணக்கில் கிடைத்திருக்காது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு செயலே இல்லை, மூச்சு விடுவதுபோல ஆகிவிட்ட பழக்கம். ஆனால் நோயை வளர்த்துக்கொண்டிருந்ததே அதுதான்.

இந்தச் சுழலை 1986-ல் தெளிவாக விளக்கியவர் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர். இதயம் சற்று வேகமாக அடிக்கிறது. அதை ஆபத்து என்று மனம் படித்துவிடுகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும். நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறவருக்கு இந்தச் சுழல் நிற்பதற்கு இடமே இல்லை. வாயால் சொன்னால் தலையை ஆட்டுவார், நம்பமாட்டார். அதனால் அவரை நாற்காலியில் உட்காரவைத்து வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொன்னேன். இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர்கள் உறுதி செய்தவர் என்பதால் செய்யலாம். வீட்டில் யாரும் தாமாகச் செய்து பார்க்கவேண்டாம். ஒரு நிமிடம் ஆவதற்குள் விரல் நுனியில் அதே மரமரப்பு. முகம் வெளுத்தது. மனைவி எழுந்தே விட்டார். பிறகு மெதுவாக மூச்சை இழுத்து விட்டதும் மரப்பு இறங்கியது. "நானேதான் வரவச்சேனா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பாடப்புத்தகப்படி இதற்கு மேல் அவர் ஒரு நோட்டுப் போட்டு, எப்போது பயம் வந்தது, அப்போது என்ன நினைத்தேன் என்று கட்டம் கட்டி எழுதி வரவேண்டும். அவர் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுதச் சொன்னால் அடுத்த வாரம் வரவேமாட்டார். தறிக்குப் பக்கத்தில் இரண்டு டப்பா வைக்கச் சொன்னேன். ஒன்றில் புளியங்கொட்டை. நாடி பார்க்கத் தோன்றி, பார்க்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை அடுத்த டப்பாவுக்கு மாற்றவேண்டும். மனைவிக்கும் ஒரு வேலை: ராத்திரி எழுப்பினால் நாடி பார்க்க மறுக்கவேண்டும், கோபப்படாமல் மறுக்கவேண்டும். அது அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கூட வந்திருந்த வயதான அம்மாவுக்கோ இதில் திருப்தியே இல்லை. "புத்தூருல கட்டுப் போட்டா கண்ணுக்குத் தெரியுது. நீ போடற கட்டு தெரியலயே பாப்பா" என்றார். பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் தப்பையும் வைத்துக் கட்டும் புத்தூர் கட்டைத் தலைமுறை தலைமுறையாக நம்புகிற ஊர். அடுத்த வாரம் மகன் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே திறந்து காட்டினார். கட்டு தெரிந்தது.

டப்பாவும் கொட்டையும் என் கண்டுபிடிப்பு என்று சொல்லவரவில்லை. முறையின் உள்ளே இருக்கிற விசையை விட்டுவிடாமல் வெளித்தோற்றத்தை மாற்றினேன், அவ்வளவுதான். நம்மூரில் சிலர் இதை எதிர்மாறாகச் செய்வதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. நோட்டு, கட்டம், ஆங்கிலப் படிவம் எல்லாம் இருக்கும். பயத்தை நேருக்கு நேர் சந்திக்கவைக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் இருக்காது. 'தைரியமா இருங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கவுன்சலிங் என்று பெயர்.

சோதனைகள் விஷயத்துக்கு வருகிறேன். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த அறிவுச் சோதனையை 1930-களில் வி.வி. காமத் தார்வாடில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தினார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் அது புழக்கத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் அளக்கவேண்டும் என்று அலகாபாத்தில் சி.எம். பாட்டியா கட்டைகளையும் படத்துண்டுகளையும் வைத்து ஒரு தொகுதியை உருவாக்கி 1955-ல் வெளியிட்டார். என் அலமாரியில் அந்தப் பெட்டி இருக்கிறது. பெரிய அங்கீகாரம் எதுவும் தேடாமல் இந்த வேலையைச் செய்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை.

இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் கேள்வித்தாளில் 'இது என்ன மாதம்?' என்பது ஒரு கேள்வி. ஜூலைக் கடைசியில் விஜயபுரத்தில் ஒரு தெருவில் போய் இதைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் வீட்டுப் பாட்டி ஆடி என்பார். சுவரை ஒட்டிய தெலுங்கு வீட்டுப் பாட்டி ஆஷாடம் என்பார், அல்லது அமாவாசை கழிந்திருந்தால் சிராவணம் என்பார். தமிழ் மாதம் சூரியனை வைத்தது, தெலுங்கு மாதம் அமாவாசைக்கு அமாவாசை. பேரன் வந்து ஜூலை என்பான். மூன்று பேரும் சொன்னது சரி. விடைத்தாளில் ஜூலை மட்டும் இருந்தால் இரண்டு பாட்டிகளுக்கும் மதிப்பெண் போய்விடும். இன்னும் இரண்டு மூன்று கேள்வியில் இப்படியே போனால் மறதி நோய் என்று எழுதிவிடுவார்கள். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் மேரி கங்குலியும் அவரது குழுவினரும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். பள்ளிக்கூடமே போகாத கிராமத்துப் பெரியவர்களிடம் 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்' என்று எப்படிக் கேட்பது? உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். 1995-ல் அவர்கள் வெளியிட்ட இந்திச் சோதனை அப்படி ஒவ்வொரு கேள்வியாக ஊருக்குள் கொண்டுபோய்ச் சோதித்துச் செய்தது. நான் என் மாணவிகளை அந்தக் கட்டுரையைத்தான் முதலில் படிக்கவைப்பேன்.

நோயின் உள்ளடக்கமே ஊருக்கு ஊர் மாறுகிறது என்பது இதைவிட ஆழமான சங்கதி. அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லூர்மன் தன் சக ஆய்வாளர்களோடு கலிபோர்னியாவின் சான் மாட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு 20 பேராக, காதில் குரல் கேட்கும் கடும் மனநோய் உள்ளவர்களோடு பேசினார். சென்னையில் இதற்கு உதவியது டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவை, வன்முறை நிறைந்தவை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமை, அந்த வேலையைச் செய் என்று ஏவும் குரல்கள். 2015-ல் ஆய்வு வெளிவந்தது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. என்னிடம் வருகிற பெண்களில் ஒருவருக்கு இறந்துபோன மாமியார் இன்றைக்கும் அடுப்படியில் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நோய்தான், மருந்து வேண்டும்தான். ஆனால் அந்த மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று அவரோடு சேர்ந்து பழகிப் பார்க்கவும் முடிகிறது. முகம் தெரியாத அந்நியக் குரலோடு அப்படிப் பேசிப் பார்ப்பது கடினம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, நம் குடும்ப அமைப்பு எவ்வளவு உயர்ந்தது' என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்கு நான் காட்டுவது வேலூர் பக்கத்துக் கணியம்பாடி ஒன்றியத்தை. சி.எம்.சி. பல பத்தாண்டுகளாக அங்கே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் வீடு வீடாகப் பதிவு செய்துவருகிறது. பத்து ஆண்டுப் பதிவுகளைச் சலித்து, 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரின் தற்கொலைகளைப் பற்றி 2004-ல் லான்செட் இதழில் அவர்கள் எழுதினார்கள். ஒரு லட்சம் இளம்பெண்களில் ஆண்டுக்கு 148 பேர். ஆண் பிள்ளைகளில் 58 பேர். உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே அதிகம். இங்கே வயதுக்கு வந்ததும் வராததுமான பெண் பிள்ளைகள். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. பேச்சு, சாப்பாடு, சாமி எல்லாம் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் யாரும் தனியாக வாழ்ந்தவர்கள் இல்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில்தான் இருந்தார்கள்.

அதனால்தான் நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கும் நான், கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேரை வெளியே அனுப்புகிறேன். பாடப்புத்தகத்தின் சாத்திய கதவு அப்போது தேவைப்படுகிறது. வெளியே போகச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். "எங்களுக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்பார். ரத்தப் பரிசோதனைக்கு உள்ளே அனுப்பும்போது கேட்பீர்களா, இதுவும் ஒரு பரிசோதனைதான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கதவு சாத்திய பிறகு அந்தப் பெண் பத்து நிமிடம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. பேசாமல் இருப்பதற்கு ஓர் இடம் அவளுக்கு அதுவரை கிடைத்திருக்காது.

திருப்பதியில் இருந்துகொண்டு கோயிலைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. என்னிடம் வருவதற்கு முன்பே பெரும்பாலானோர் மொட்டை போட்டிருப்பார்கள், கையில் மந்திரித்த கயிறு இருக்கும். கயிற்றை அவிழ்க்கச் சொல்லமாட்டேன். பெங்களூர் ஆய்வாளர் ரகுராமும் மற்றவர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பார்த்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அங்கே கட்டிப்போடுவதில்லை, அடிப்பதில்லை. கோயில் வேலைகளில் பங்கெடுத்துக்கொண்டு, வீட்டு ஆளோடு சில வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவீடு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. இதற்கு முந்தைய ஆண்டில்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கை என்று ஒரே பெயரில் இரண்டையும் மூடிவிடக்கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராமல் விடுகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

டொரொண்டோவில் நான் வேலை செய்தது ஈழத் தமிழ்க் குடும்பங்களோடு. என் தமிழும் அவர்கள் தமிழும் வேறு, ஆனாலும் "எந்த ஊர் பிள்ளை நீங்கள்?" என்று கேட்டுத்தான் பேச்சு தொடங்கும். சிகிச்சையாளர் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று அங்கே பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நான் சொன்னேன். சித்தூர் என்றால் திருப்பதிக்குப் பக்கமா என்று கேட்டு முகம் மலர்ந்தது ஓர் அம்மாவுக்கு. ஊர் சொல்லாதவளிடம் அந்தத் தலைமுறை துக்கத்தைச் சொல்லாது. சிகிச்சையாளருக்கும் வருகிறவருக்கும் உள்ள உறவைப் பற்றி 1973-லேயே ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். நம் மக்கள் சிகிச்சையாளரைச் சமமான ஒப்பந்தக்காரராகப் பார்ப்பதில்லை, குரு-சிஷ்ய உறவை வைத்துத்தான் பார்க்கிறார்கள், அதையே சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. குருவின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வராது என்பது மற்றப் பாதி.

போர் கண்டவர்களைப் பற்றி நான் கற்றதற்கு இருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலேயே இருந்து போரின் நடுவில் மனநல மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம் ஒருவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய போர்க்கால நூல் 1998-ல் வந்தது. ஊர்ப் பணியாளர்கள் படிப்பதற்காகத் தமிழில் 'மனவடு' என்ற கையேடும் உண்டு. தனி மனிதர் மட்டுமல்ல, ஓர் ஊரே சேர்ந்து காயப்படுகிறது என்று அழுத்தமாகச் சொன்னவர் அவர். மற்றவர் இலங்கையில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியராகப் பணியாற்றிய உளவியலாளர் கெய்த்ரி பெர்னாண்டோ. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு ஆலோசகர்கள் கேள்வித்தாள்களோடு இலங்கையில் வந்து இறங்கினார்கள். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறீர்களா என்று மனதுக்குள் நடப்பதைக் கேட்டார்கள். பெர்னாண்டோ அந்த மக்களிடமே கதை சொல்லச் சொல்லிக் கேட்டுத் தன் அளவுகோலைச் செய்திருந்தார். உறவிலிருந்து அறுந்துபோனவர்களும், தாயாகவோ தகப்பனாகவோ தன் கடமையைச் செய்யமுடியாமல் போனவர்களும்தான் அதிகம் துவண்டார்கள் என்பது அதில் தெரிந்தது. டொரொண்டோவில் எனக்கு ஊர் விசாரித்த அந்த அம்மாவும் கனவைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்ட மருமகள் விடுவதில்லை என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தச் சோற்றிலிருந்துதான் நாங்கள் வேலையை ஆரம்பித்தோம்.

திருப்பதிக்குத் திரும்பிப் பாடம் நடத்தத் தொடங்கியபோது ஒன்று உறைத்தது. எத்தனை மாணவிகளைத் தயார் செய்தாலும் போதாது. 2015-16-ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. படித்த நிபுணர்களை நம்பி உட்கார்ந்திருந்தால் விஜயபுரத்துக்கு முறை வரவே வராது. கோவாவில் விக்ரம் படேலின் குழு, உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுக்குச் சில அமர்வுகளில் சிகிச்சை தரவைத்தது. பலன் இருந்தது என்று 2017-ல் ஆதாரத்தோடு காட்டினார்கள். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா 2006-ல் 14 பாட்டிகளை வைத்துத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்ச், அதில் பாட்டி, பக்கத்தில் மனம் சோர்ந்து வந்தவர். நம்மூரில் பாட்டிகளுக்குப் பஞ்சமில்லை.

இரவு நேரத்தில் யாரைக் கேட்பது என்று தவிக்கிறவர்களுக்கு டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய அரசுச் சேவை. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். நம் எல்லை ஊர்களில் இது முக்கியம்: எந்த மாநிலத்தில் நின்று அழைத்தாலும் எந்த மொழி என்று நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் விஜயபுரம் பக்கத்தில் வீடு வீடாகப் போகும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் சிலரோடு உட்கார்ந்து, இளம்பெண்களிடம் கேட்பதற்கான சில கேள்விகளை இரண்டு மொழியிலும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தூக்கம், பசி, வேலையில் நாட்டம் என்று தொடங்கி, 'வாழவேண்டாம் என்று தோன்றியதுண்டா?' என்பதில் முடிகிறது பட்டியல். கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அவர்களுக்குப் பயம் இருந்தது. கேட்பதால் அப்படி ஆகாது, கேட்டவரிடம்தான் மனம் திறப்பார்கள் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதைச் சொல்லிப் புரியவைத்தாயிற்று. ஆனால் போன கூட்டத்தில் ஒரு பணியாளர் எழுந்து கேட்டார்: "கேள்வியெல்லாம் சரி மேடம். நாங்க வீட்டுக்குப் போனா மாமியா பாய் போட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பாங்க. இத எப்டி கேக்கறது?" என்னைப் போலக் கதவைச் சாத்த அவர்களுக்கு அறை இல்லை. பலரும் பல யோசனை சொன்னார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளில் கேட்கலாமா, அங்கேயும் மாமியார் வருவார். கோயிலில் கூட்டம். கடைசியில், காலையில் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பெண்கள் தனியாகத்தான் வருகிறார்கள் என்று அவரே சொன்னார். பட்டியலில் இருந்த கேள்விகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம், நடந்துகொண்டே கேட்டு முடிக்கவேண்டுமே. அடுத்த மாதம் முதல் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதையில் இரண்டு ஆஷா பணியாளர்கள் நடப்பார்கள்.